பல்லில் பதிந்த பனிப்போர்

பால் பல் விழுந்தால் நம் ஊரில் அதைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிவார்கள். ஓட்டு வீடு போய் அடுக்குமாடி வந்த பிறகு எறியக் கூரை இல்லை, சாணியும் இல்லை. ஆனாலும் சில பாட்டிகள் விடுவதாக இல்லை. அமெரிக்கக் குழந்தைகள் விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும்.

1958-ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரத்துப் பிள்ளைகள் பலர் அந்தத் தேவதைக்குப் பல் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பல்லை ஓர் உறையில் போட்டு, பிறந்த தேதி, தாயார் கர்ப்பமாக இருந்தபோது வசித்த ஊர், குழந்தை குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்ற விவரங்களை அட்டையில் எழுதி, விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்கள். பதிலுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜ் வந்தது. விஞ்ஞானத்துக்குப் பல் கொடுத்த பெருமை அதில் எழுதியிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சேர்ந்த பற்கள் சுமார் 3 லட்சம்.

விஞ்ஞானிகள் அந்தப் பற்களில் தேடியது ஸ்ட்ரான்சியம்-90. அணுகுண்டு வெடித்தால் வரும் கழிவு அது. மழையோடு புல்லில் இறங்கும், புல்லைத் தின்ற பசுவின் பாலில் கலக்கும். வேதியியலில் கால்சியத்துக்குப் பங்காளி என்பதால், வளரும் குழந்தையின் உடம்பு அதைக் கால்சியம் என்றே நம்பி எலும்பிலும் பல்லிலும் வைத்துக் கட்டிவிடும். மருத்துவர் லூயிஸ் ரைஸ் முன்னின்று நடத்திய அந்த ஆய்வின் முதல் முடிவுகள் 1961-இல் வெளியாயின. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து பிறந்த ஆண்டு கூடக் கூடப் பல்லில் ஸ்ட்ரான்சியம் ஏறிக்கொண்டே போயிருந்தது. குண்டு வெடித்த பாலைவனமும் பவழத் தீவும் எங்கேயோ இருந்தன. கணக்கு மட்டும் குழந்தையின் வாய்க்குள் எழுதப்பட்டிருந்தது.

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் தங்கள் அணுகுண்டு ரகசியங்களை எத்தனை பூட்டுப் போட்டுக் காத்தன என்பது பெரிய கதை. ஆனால் காற்றைப் பூட்ட முடியவில்லை. 1949 ஆகஸ்ட் 29 அன்று கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் புல்வெளியில் சோவியத் யூனியன் தன் முதல் குண்டைச் சத்தமில்லாமல் வெடித்துப் பார்த்தது. சத்தமில்லாமல் என்றால், ஊருக்குச் சொல்லாமல். ஐந்தே நாளில், ஜப்பானுக்கும் அலாஸ்காவுக்கும் நடுவே பறந்த ஓர் அமெரிக்க விமானம் தன் வடிதாளில் அந்தத் தூசியைப் பிடித்துவிட்டது. செப்டம்பர் 23 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் உலகத்துக்கு அறிவித்தார். மாஸ்கோ வாய் திறக்கும் முன்பே காற்று கோள் சொல்லிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வீம்புக்கு வீம்பு. ஹிட்லருக்கு எதிராகத் தோளோடு தோள் நின்று சண்டை போட்ட இரண்டு நாடுகள், சண்டை முடிந்து நான்கு வருடத்தில் ஒன்றையொன்று பொசுக்கத் தயாராக நின்றன. தனியுடைமையா பொதுவுடைமையா என்ற வழக்கு பொருளாதாரப் புத்தகங்களில் தொடங்கி மெகாடன் கணக்கில் வந்து நின்றது. 1952-இல் அமெரிக்கா எனிவெட்டாக் பவழத் திட்டில் முதல் ஹைட்ரஜன் கருவியை வெடித்தது. 1954-இல் பிகினியில் வெடித்தது எதிர்பார்த்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாகி 15 மெகாடன் ஆனது. தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. நடுவில் 1958 முதல் மூன்று வருடம் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1961 செப்டம்பரில் சோவியத் அந்தக் கட்டை அவிழ்த்தது. அக்டோபர் 30 அன்று நோவயா ஜெம்லியா தீவுக்கு மேலே 50 மெகாடன் குண்டு. ஹிரோஷிமாவைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல். 1961, 1962 ஆகிய இரண்டே ஆண்டுகளில் காற்றில் வெடித்தவற்றின் மொத்த ஆற்றல், அதற்கு முன் உலகம் வெடித்த எல்லாக் குண்டுகளையும் சேர்த்தாலும் மிஞ்சும்.

ஸ்ட்ரான்சியத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓசையில்லாமல் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது.

நாம் விடும் மூச்சிலும் உண்ணும் சோற்றிலும் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி கார்பன்-12. மிக அரிதாகக் கொஞ்சம் கனமான கார்பன்-14 கலந்திருக்கும்: லட்சம் கோடி அணுக்களில் ஏறக்குறைய ஒன்று. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களை உதிர்க்கின்றன. அந்த நியூட்ரான் ஒரு நைட்ரஜன் அணுவுக்குள் புகுந்து ஒரு புரோட்டானை வெளியே தள்ளினால், நைட்ரஜன் கார்பன்-14 ஆகிவிடும். அது ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிக் காற்றில் கலக்கும். நெல் அந்தக் காற்றைத்தான் அரிசியாக்குகிறது. இட்லியை நாம் மண்ணின் விளைச்சல் என்கிறோம். அதன் கார்பன் முழுவதும் போன பருவத்துக் காற்று.

அணுகுண்டு என்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் நியூட்ரான்களை அள்ளி இறைக்கும் எந்திரம். அதிலும் ஹைட்ரஜன் குண்டு இன்னும் தாராளம். சுற்றி இருப்பது காற்று, காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இயற்கை ஆண்டுக்குச் சில கிலோ என்று நிதானமாகச் செய்து வந்த சரக்கை வல்லரசுகள் மொத்தமாகக் கொட்டின. 1963 வாக்கில் வடக்கு அரைக்கோளத்துக் காற்றில் கார்பன்-14 அளவு ஏறக்குறைய இரட்டித்துவிட்டது.

இதை முதலில் கணக்குப் போட்டுக் கவலைப்பட்டவர்களில் இரண்டு பேரை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் கலிபோர்னியாவில் இருந்த லைனஸ் பாலிங், வேதியியல் நோபல் வாங்கியவர். இன்னொருவர் சோவியத் ஹைட்ரஜன் குண்டின் சிற்பிகளில் முக்கியமானவரான ஆந்திரேய் சகாரவ். ‘சுத்தமான குண்டு’ என்று ஒரு பேச்சு அப்போது அமெரிக்காவில் அடிபட்டது: அணுவைப் பிளப்பதைக் குறைத்து இணைப்பதைக் கூட்டினால் கழிவு குறையும் என்ற வாதம். ஆனால் கார்பன்-14 கழிவிலிருந்து வருவதில்லை. வெளியே தெறிக்கும் நியூட்ரானிலிருந்து வருகிறது. எத்தனை சுத்தமான குண்டானாலும் நியூட்ரான் தெறிக்கும். 1958 என்ற ஒரே ஆண்டில், இரும்புத் திரைக்கு இந்தப் பக்கம் பாலிங்கும் அந்தப் பக்கம் சகாரவும் கார்பன்-14 ஆல் வரப்போகும் கேட்டைக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். காற்றில் வெடிக்கும் ஒவ்வொரு மெகாடனுக்கும் பத்தாயிரம் மனிதர்கள், பல தலைமுறைகளுக்குள், யார் என்று பெயர் தெரியாமலே பலியாவார்கள் என்பது சகாரவின் மதிப்பீடு. அந்த எண்ணைப் பற்றி இன்றும் வாதிடலாம். சிறு அளவுக் கதிர்வீச்சின் தீங்கை அளப்பது எளிதல்ல. எனக்கு வியப்பு வேறிடத்தில். பாலிங்குக்கு அவருடைய அரசாங்கம் 1952-இல் பாஸ்போர்ட் மறுத்தது. சகாரவ் 1975-இல் அமைதி நோபல் பெற்றபோது அவருடைய அரசாங்கம் அவரை ஆஸ்லோவுக்கு விடவில்லை. மனைவி யெலீனா போய் வாங்கினார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள், கணக்குப் பார்ப்பவரைச் சந்தேகிப்பதில் மட்டும் ஒத்துப்போயின. இதே சகாரவ், சோதனையை மீண்டும் தொடங்க வேண்டாம் என்று 1961-இல் சோவியத் தலைவர் குருசேவுக்குச் சீட்டு எழுதி வசவு வாங்கிக்கொண்டு, பிறகு அந்த 50 மெகாடன் குண்டுக்கும் வேலை செய்தார். மனிதர்களை ஒரே நிறத்தில் வரைய முடிவதில்லை.

கியூபா ஏவுகணை நெருக்கடி இரண்டு தரப்புக்கும் வயிற்றைக் கலக்கிய பிறகு, 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. காற்றில், நீருக்குள், விண்வெளியில் வெடிக்கக் கூடாது. அக்டோபர் 10 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பாலிங்குக்கு அமைதி நோபல் அறிவிக்கப்பட்டதும் அன்றைக்குத்தான். பிரான்சும் சீனாவும் சேரவில்லை. காற்றில் கடைசிக் குண்டு சீனாவில் 1980-இல் வெடித்தது. ஆனாலும் பெரிய வெடிகள் நின்றன. காற்றிலிருந்த கார்பன்-14 அன்றிலிருந்து இறங்கத் தொடங்கியது. அது சிதைந்து தீர்ந்ததால் அல்ல. அதன் அரை ஆயுள் 5730 ஆண்டுகள், அறுபது ஆண்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கடலும் காடும் உறிஞ்சிக்கொண்டதால் இறங்கியது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு என்று மலை போல இருக்கும். அந்த மலையில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உயரம் உண்டு.

நிலத்தடிச் சோதனையை மட்டும் ஒப்பந்தம் விட்டுவிட்டது, காரணம் நம்பிக்கையின்மை. வருடத்துக்கு எத்தனை முறை நேரில் வந்து பார்ப்பது என்ற பேரம் படியவில்லை. சரி, தூரத்திலிருந்தே ஒட்டுக்கேட்போம் என்று அமெரிக்கா பணத்தைக் கொட்டி, உலகெங்கும் சுமார் 120 இடங்களில் ஒரே மாதிரி நிலநடுக்கமானிகளை வைத்தது. அவற்றில் ஒன்று நம் கொடைக்கானலில். சூரியனைப் பார்ப்பதற்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வானாய்வகத்து மலையில், ரஷ்யக் குண்டின் அதிர்வுக்கும் ஒரு காது வைக்கப்பட்டது. குண்டைவிட நிலநடுக்கம்தான் அதிகம் பதிவானது. அந்தப் பதிவுகளைக் கொண்டு 1968-இல் மூன்று அமெரிக்கர்கள் கண்டங்களின் தட்டுகள் எங்கே விலகுகின்றன, எங்கே ஒன்றுக்கடியில் ஒன்று புகுகின்றன என்று விளக்கிவிட்டார்கள். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஒரே வாரத்தில் விண்வெளியில் ஏவப்பட்ட உளவு செயற்கைக்கோள்களின் வரிசையும் அப்படித்தான்: ரஷ்யா நிலவுக்குப் பின்னால் ரகசியமாகக் குண்டு வெடித்தால் பிடிக்கப் போன அவை, 1967-இல் பிடித்தது நம் விண்மீன் மண்டலத்துக்கு அப்பாலிருந்து வந்த காமாக் கதிர் வெடிப்பை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; இங்கே கூத்தாடி விஞ்ஞானி.

மறுபடி உடம்புக்கு வருவோம். நம் உடம்பு ஏழு வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தோல் உரிகிறது, ரத்தம் ஊறுகிறது, சரி. மூளை? இதயம்? எலிக்கு அடையாள வேதிப்பொருளை ஏற்றி, பிறகு அறுத்துப் பார்த்து, எந்தச் செல் புதிது என்று சொல்லலாம். மனிதருக்கு அதைச் செய்ய முடியாது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா கழகத்தில் இருந்த யோனாஸ் ஃப்ரிசேனுக்கு இந்த இடத்தில் ஒரு யோசனை வந்தது. அடையாளம் ஏற்ற வேண்டியதில்லை, குருசேவும் கென்னடியும் ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள். உலகத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும், யாரிடமும் கேட்காமல்.

செல்லில் மற்ற மூலக்கூறுகள் வந்து போய்க்கொண்டிருந்தாலும் டி.என்.ஏ. நிலையானது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ. அன்றைய சாப்பாட்டிலிருந்து, அதாவது அன்றைய காற்றிலிருந்து கட்டப்படுகிறது. அதில் இருக்கும் கார்பன்-14 விகிதத்தை அளந்து, மலையின் எந்த உயரத்தோடு பொருந்துகிறது என்று பார்த்தால் செல்லின் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். சொல்ல எளிது. பல செல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு கார்பன்-14 அணு அகப்படும். இறந்தவர்களின் திசுவிலிருந்து லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான செல்களின் டி.என்.ஏ.வைப் பிரித்து, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் முடுக்கி எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த எண்ணிக்கை நடந்தது கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வகத்தில். 1952-இல் அந்த ஆய்வகம் தொடங்கப்பட்டதே அணு ஆயுதங்களை வடிவமைக்க.

2005-இல் வந்த முதல் விடை கொஞ்சம் திகைக்க வைப்பது. சிந்தனைக்கும் பேச்சுக்கும் இருப்பிடமான பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்கள், அந்த மனிதரின் வயதே கொண்டவை. பிறந்தபோது கிடைத்தவைதாம், மாற்றுச் சரக்கு கிடையாது. ஏழு வருடக் கதை அங்கேயே உடைந்தது. இதயத்தைப் பற்றி 2009-இல் சொன்னார்கள்: 25 வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு தசைச் செல் புதிதாகிறது, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. ஆயுள் முழுக்க வாழ்ந்து முடித்தாலும் பாதிக்கு மேல் பழைய செல்லே துடித்துக்கொண்டிருக்கும். கொழுப்புச் செல்கள் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு செத்து, அதே எண்ணிக்கையில் புதிதாகப் பிறக்கின்றன. இளைத்தாலும் எண்ணிக்கை குறைவதில்லை. செல்கள் சுருங்குகின்றன, அவ்வளவுதான். (பட்டினி கிடந்து இளைத்தவர்கள் ஏன் திரும்பவும் பழையபடி ஆகிறார்கள் என்பதற்கு இதில் ஒரு துப்பு இருக்கலாம்.) நினைவுக்கு வாசலான ஹிப்போகாம்பஸில் மட்டும் கதை வேறு. அங்கே பெரியவர்களுக்கும் புது நரம்புச் செல் பிறக்கிறது, ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 என்று 2013-இல் கணக்கிட்டார்கள். வேறு முறைகளைக் கையாளும் சில ஆய்வாளர்கள் இதை ஏற்பதில்லை, சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

இதற்குப் பல்லைவிட நல்ல சாட்சி கிடையாது. எனாமல் ஒருமுறை உருவானால் உருவானதுதான், அதில் இருக்கும் கார்பன் நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவு, ஆனால் அது போதும். ஃப்ரிசேன் குழு எனாமலை வைத்தே ஒருவருடைய பிறந்த ஆண்டை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுப் பிழையோடு சொல்லிக் காட்டியது. அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் காவல்துறைக்கு இது பெரிய உதவி. ஒரு சிக்கல் உண்டு. மலையின் ஒரே உயரம் ஏறும்போதும் வரும், இறங்கும்போதும் வரும்; பல் 1962-ஐச் சேர்ந்ததா அதற்குச் சில ஆண்டு கழிந்ததா? அதற்கு இன்னொரு பல்லை எடுத்தால் ஆயிற்று. முதல் கடைவாய்ப்பல் குழந்தைப் பருவத்தில் உருவாவது, கடைசியாக முளைக்கும் ஞானப்பல்லின் எனாமல் பன்னிரண்டு வயதளவில் முடிவது. இரண்டையும் ஒப்பிட்டால் மனிதர் மலை ஏறினாரா இறங்கினாரா என்று தெரிந்துவிடும்.

மனிதரோடு நிற்கவில்லை. கிரீன்லாந்துச் சுறாவின் கண் வில்லையில் இந்தத் தடம் மிகச் சிறிய சுறாக்களில் மட்டுமே இருந்தது. பெரியவை எல்லாம் குண்டுக்கு முன்பே பிறந்தவை. அந்த அடையாளத்தை ஒரு நங்கூரமாகக் கொண்டு கணக்கிட்டதில், ஐந்து மீட்டர் நீளச் சுறா ஒன்றுக்குக் குறைந்தது 272 வயது என்று 2016-இல் வந்தது. அதே ஆண்டு, கடத்தலில் பிடிபட்ட ஆப்பிரிக்க யானைத் தந்தங்களைச் சோதித்தார்கள். தந்த வணிகத் தடைக்கு முன் சேர்த்துவைத்த பழைய சரக்கு என்ற வாதம் நிற்கவில்லை. பத்தில் ஒன்பது தந்தம், பிடிபடுவதற்கு மூன்றாண்டுக்குள் கொல்லப்பட்ட யானையுடையது. வெனிஸில் ஒரு புகழ்பெற்ற சேகரிப்பில் இருந்த, ஃபெர்னான் லெஜே 1913-14 வாக்கில் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியத்தின் துணி, 1959-க்குப் பிறகு விளைந்த நாரில் நெய்தது என்று தெரிந்தது. லெஜே 1955-இலேயே இறந்துவிட்டார்.

சோவியத் யூனியன் 1991 டிசம்பரில் இல்லாமல் போனது. செமிபலாட்டின்ஸ்க் சோதனைத் தளத்தை, முதல் குண்டு வெடித்த அதே ஆகஸ்ட் 29 அன்று, அந்த ஆண்டே மூடிவிட்டார்கள். கொடி இறங்கிய பிறகும் அறுபதுகளில் பிறந்த கோடிக்கணக்கான மூளைகளில் அந்தக் கார்பன் அப்படியே இருக்கிறது, சென்னையில் பிறந்த மூளையிலும் சிகாகோவில் பிறந்த மூளையிலும்.

இந்தக் கார்பன் கடிகாரம் மட்டும் ஓய்ந்துகொண்டிருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 துளியும் மிச்சமில்லை. அவற்றை எரிக்கும் புகை காற்றிலிருக்கும் கார்பனை நீர்க்கச் செய்கிறது, பாலில் தண்ணீர் ஊற்றுவது போல. 2020-களின் தொடக்கத்தில் விகிதம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவுக்கு வந்துவிட்டது. இப்படியே எரித்தால் 2050-இல் நெய்த புதுச் சட்டையையும் ஆயிரம் ஆண்டு பழைய துணியையும் கார்பன் முறையால் பிரித்தறிய முடியாது என்று ஹெதர் கிரேவன் என்ற விஞ்ஞானி கணித்திருக்கிறார். இன்று பால் பல் முளைக்கும் குழந்தையின் எனாமலில் மலை இல்லை.

செயின்ட் லூயிஸ் பற்கள் என்ன ஆயின? ஆய்வு முடிந்ததும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். 2001-இல், நகரத்துக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான பழைய ராணுவ வெடிமருந்துக் கிடங்கு ஒன்றை ஒழித்தபோது பெட்டி பெட்டியாக 85,000 பற்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிச் சிறு உறைக்குள். கூடவே பிறந்த தேதியும், எந்தப் பால் குடித்தது என்ற விவரமும் எழுதிய அட்டை. பல்லுக்கு உரியவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்களைத் தேடிப் பிடித்து, முதுமையில் உடம்பும் நினைவும் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.